கோச்சுக்கு ஒளித்த ஆட்டம்

போன வாரம் வேலை முடிந்து, ஒஸ்லோவில் வெஸ்ட்லிப் பக்கம் போகிற ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயிலில் ஏறினேன். வெளியே மழை என்றும் சொல்லமுடியாத, பனி என்றும் சொல்லமுடியாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. முன் இருக்கையில் இரண்டு தமிழ் இளைஞர்கள் பாதி தமிழிலும் பாதி நோர்வேஜிய மொழியிலும் உதைபந்தாட்டம் பேசிக்கொண்டு வந்தார்கள். இங்கே குளிர்காலத்தில் ஆட்டம் இல்லை, ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மட்டும்தான். ஒருவனுடைய கழகத்தில் முன்வரிசைக்காரரைப் பழக்குவதற்குப் புதிதாக ஒருவரை நியமித்திருக்கிறார்களாம். "கோச்சை மாத்தி என்ன, முன்னுக்குப் பந்தை வாங்கிறதுக்கு ஆள் இல்லையே," என்றான் அவன். மற்றவன் எதிர்க்கழகத்தின் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தான். அவனோ, "ஓம், சரிதான்," என்று உடனே ஒத்துக்கொண்டான். எதிர்க்கழகக்காரன் இவ்வளவு கெதியில் ஒத்துக்கொண்டால் அதற்குள் ஏதாவது இருக்கும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் இருக்கவில்லை. தொலைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்துவிட்டு இருவரும் குரோருட்டில் இறங்கிப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகும் ஒரு மணம் தங்கியிருந்தது. துண்டுக்காரனின் மடியில் ஒரு பை இருந்தது. வீட்டில் வாங்கிவரச் சொல்லியிருப்பார்கள், கறிவேப்பிலை. நனைந்த குளிர்ச்சட்டையும் கறிவேப்பிலையும் சேர்ந்தால் வருகிற மணம் அது. கறிவேப்பிலை முளைக்கிற நாட்டில் குளிர்ச்சட்டை இல்லை, குளிர்ச்சட்டை போடுகிற நாட்டில் கறிவேப்பிலை முளைப்பதில்லை. இரண்டும் முதன்முதலில் சந்தித்த இடம் குரோருட் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு தமிழ்க் கடைதான் என்று நான் சொல்வேன். கனடாக்காரர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் அந்தக் கடையில் காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்தவள் நான். கல்யாணம் கட்டி வந்து அதிக காலம் ஆகவில்லை. நோர்வேஜிய மொழி வகுப்பில் இரண்டு தரம் சறுக்கியிருந்தேன். வகுப்புக்குப் போகும் வழியில் பனிக்கட்டியில் சறுக்கியதை நான் எண்ணி வைக்கவில்லை. கடையில் மொழி தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமைதான் பெரிய நாள். கொழும்பிலிருந்து விமானத்தில் வரும் மரக்கறி, விமான நிலையத்திலிருந்து ஒரு வான் வண்டியில் கடைக்கு வரும். எத்தனை மணிக்கு வரும் என்று எவருக்கும் தெரியாது. முருங்கைக்காய் முடிவதற்குள் வாங்கிவிடவேண்டும் என்று வீட்டுக்காரிகள் புருஷன்மாரைத் துரத்திவிடுவார்கள். அவர்கள் அரிசி மூட்டைகளுக்கும் மீன் பெட்டிக்கும் நடுவில் ஈரச் சட்டைகளோடு நின்று வானுக்காகக் காத்திருப்பார்கள். காத்திருப்பு என்று பெயர்தானே தவிர, வான் வந்து பெட்டிகளை இறக்கிய பிறகும் ஒருவரும் போகமாட்டார்கள்.

அவர்களுக்குப் பேச ஒரு கழகம் இருந்தது. இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் ஒஸ்லோவில் உதைபந்தாட்டம் ஆடியது ஒஸ்லோவுக்காக அல்ல, ஊருக்காக. யாழ்ப்பாணத்தில் எத்தனை ஊர்களோ கிட்டத்தட்ட அத்தனை கழகங்கள் இங்கேயும் இருந்தன. கோடையில் சுற்றுப்போட்டி வைப்பார்கள். பேருந்து ஓட்டுகிறவரும் கிழங்கு பொதி செய்கிறவரும் அன்றைக்கு ஒரு நாள் தங்கள் ஊர்ப் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். கடையில் கூடுகிறவர்கள் என் கணவருடைய ஊர்க்காரர்கள். என் கணவர் கழகத்தின் செயலாளர். நானோ பக்கத்து ஊர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வயல்வெளியும் ஒரு மதகும். ஊர்ப் பெயர்களை விட்டுவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்த எந்த இரண்டு பக்கத்து ஊர்களைப் போட்டாலும் கதை பொருந்தும்.

மதகுக்கு அப்பால் பிறந்த குற்றத்துக்காக, ஏழு கடல் தாண்டி வந்தும் நான் அவர்களுக்கு 'அந்த ஊர்ப் பிள்ளை'தான். பால்மா அடுக்க நான் மீன் பெட்டிப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். "பிள்ளை, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று யாராவது கேட்பார்கள். தேத்தண்ணிக்காக அல்ல, என்னை அப்புறப்படுத்தத்தான். பாவங்கள், தேத்தண்ணி போடும் இடம் மீன் பெட்டிக்குப் பின்னால் ஒரு பலகைத் தட்டியின் மறுபக்கம் என்பதை அவர்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. கடையில் நின்று கேட்பதைவிடத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு கேட்டால் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

ஒரு கோடையில் எங்கள் கழகம், 'எங்கள்' என்று நானும் சொல்லிக்கொள்கிறேன், ஒரு கோல்கூடப் போடாமல் வீட்டுக்கு வந்திருந்தது. பின்வரிசை நல்லது, கோல் காப்பாளர் நல்லவர். ஆனால் பந்தை உயர்த்தி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவதைத் தவிர முன்வரிசைக்கு வேறொன்றும் தெரியாது. பனி விழத் தொடங்கியதும் விவாதமும் தொடங்கியது. ஒரு கட்சிக்கு முன்வரிசையைப் பழக்கத் தனியாக ஒரு கோச் வேண்டும். மற்றக் கட்சிக்குக் கோச் வேண்டாம், பந்தை வாங்கி நிற்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

"ஆளைப் பிடியுங்கோ. ஆள் இருந்தால் கோச் என்னத்துக்கு?"

"ஆள் இருக்கிறான். கஜன் இருக்கிறான். ஆறடி. அவனுக்குப் பந்து காலிலை ஒட்டாது, அவ்வளவுதான்."

"ஒட்டாட்டில் பிறகென்ன ஆள்?"

கஜன் அப்போது உயர்தரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த உயரமான பையன், இங்கேயே பிறந்தவன். வாரா வாரம் தன் காலைப் பற்றிப் பெரியவர்கள் இப்படி ஆராய்வதைக் கேட்டுக்கொண்டு, தாய் அனுப்பிய கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டிருப்பான். ஒருமுறை தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு கணினிக்காரர் காசு கொடுக்க வந்தவர், குரலைத் தாழ்த்தி என்னிடம், "ஏங்க, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லை, கோல் போட ஆள் இல்லை," என்றேன். அவர் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை.

இந்த நிலையில்தான் என் கணவர் ஒருநாள் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, யோகன் என்ற பெயரைச் சொன்னார். யோகன் ஒஸ்லோவுக்குக் கிட்டவுள்ள திராமன் நகரில் ஒரு பழக் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தவர். ஊரில் இருந்த காலத்தில் பந்தை வாங்கி நிற்பதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இருக்கவில்லையாம். சம்பளம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பழக்கித் தருகிறேன் என்று தொலைபேசியில் தானாகவே கேட்டிருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் யோகண்ணை என் ஊர். மதகுக்கு அப்பால்.

தட்டிக்குப் பின்னால் கொதிக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டேன், சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காக. பிறகு சிவபாதண்ணையின் குரல் வந்தது. அவர்தான் அந்தக் கூட்டத்தில் மூத்தவர், பேருந்து ஓட்டுநர், தலைவர் என்று பதவி இல்லாமலே தலைவர்.

"சம்பளம் வேண்டாமாமோ?"

"வேண்டாமாம்."

"சோழியன் குடுமி சும்மா ஆடாது, தம்பி."

தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று என் கணவர் ஏதோ சமாளித்தார். "தானம் தந்த மாட்டைத்தான் பிடிச்சுப் பார்க்கவேணும். காசு குடுத்து வாங்கிறதை என்னத்துக்குப் பார்க்கிறது, அதைப் பார்த்துத்தானே வாங்கிறனாங்கள்," என்றார் சிவபாதண்ணை. கஜன் நடுவில், இங்கே பிள்ளைகளின் அணிகளுக்குத் தகப்பன்மார் சம்பளமில்லாமல்தானே பழக்குகிறார்கள், அதை 'டுக்னாட்' என்பார்கள், எல்லாரும் சேர்ந்து சும்மா செய்கிற வேலை என்று விளக்கினான். "டுக்னாட் வெள்ளைக்காரனுக்குச் சரி. எங்கடை ஆக்கள் சும்மா செய்யமாட்டினம்," என்று அதற்கும் பதில் வந்தது.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். நாட்டில் சண்டை நின்றிருந்தது. நோர்வேக்காரர் நடுவில் நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒஸ்லோவில் ஒருவர் புதிதாக ஒரு கூட்டத்துக்குள் வந்தால், 'இவர் ஆற்றை ஆள்?', அதாவது யாருடைய ஆள், என்பதுதான் முதல் கேள்வி. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதற்கு முன் அந்தக் கேள்வி போடப்படும். யோகண்ணையைப் பற்றியும் வாரத்துக்கு ஒரு கதை வந்தது. வேறொரு கழகம் எங்கள் ஆட்டத்தை அறிய அனுப்பியிருக்கிறது என்றார்கள். யாரோ யாரையோ கண்காணிக்க அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள். தங்கச்சியை இவர்களுடைய ஊரில் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார் என்றார்கள். அவருக்குத் தங்கச்சியே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. உண்மையான காரணம் எதுவென்றால், ஊரில் ஒரு சுற்றுப்போட்டியில் யோகண்ணை இவர்களுக்கு எதிராக ஒரு கோல் போட்டிருந்தார். அன்றைக்கு அவரைக் காவல் காத்தவர் சிவபாதண்ணை. அந்தக் கோல் ஓஃப்சைட் என்று சிவபாதண்ணை இரண்டு நாடுகளிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறு ஆள் கிடைக்காத காரணத்தால் கடைசியில் யோகண்ணைக்கு ஓம் என்றார்கள். அவர் முதல்நாள் கடைக்கு வந்ததும் என்னிடம்தான் பேச்சுக் கொடுத்தார். மெல்லிய மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். "தங்கச்சி மதகடி வீட்டுப் பிள்ளையெல்லோ," என்றார். இந்த நாட்டுக்கு வந்து முதல் முறையாக ஒருவர் என் வீட்டை அடையாளம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் என் புத்தி எங்கே போகும்? கண்ணைத் துடைத்த கையோடு, ஏன் அண்ணை உங்களுக்கு இந்தத் தலைவலி என்று கேட்டேன்.

"எங்கடை ஊர் ஆக்கள் இஞ்சை பதினொரு பேர் சேரமாட்டினம், தங்கச்சி. ஊருக்கும் போகேலாது, ஆமி இருக்கிறான். எனக்குக் கோட்டோரம் நிக்கிறதுக்கு ஒரு ரீம் வேணும். ஆற்றை ரீம் எண்டாலும் பரவாயில்லை."

அவ்வளவுதான் அந்த மனிதர் கேட்டது, கோட்டோரம் நிற்க ஒரு இடம். கோடையில், ஆட்டம் நடக்கும்போது, ஒரு அணியின் ஆளாக.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஒரு சரளைத் திடலில் நடக்கும். பனியை ஒருபக்கம் ஒதுக்கியிருப்பார்கள். விழுந்தால் முழங்காலில் சரளைக்கல் ஏறும். நான் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவேன். உதைபந்தாட்டம் எனக்கு அதுவரை புரிந்ததில்லை. யோகண்ணை கஜனுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுத்தான் கொஞ்சம் விளங்கியது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வார். பந்து வரும்போது அதை நோக்கி ஒரு அடி போகச் சொல்வார்.

"துரத்தாதை. நீ துரத்தினால் அது ஓடும். நில். வாங்கு. வாங்கிப்போட்டுப் பொறு. ஆக்கள் வருவினம்."

"வராட்டில், யோகன் மாமா?"

"வருவினம் எண்டு நம்பவேணும். நம்பாட்டில் இந்த வேலை செய்யேலாது."

மூன்று நான்கு ஞாயிறுகளில் பந்து கஜனுடைய காலில் ஒட்டத் தொடங்கியது. எனக்கே தெரிந்தது என்றால் சிவபாதண்ணைக்குத் தெரியாதா? அங்கேதான் பிரச்சினை வந்தது. கற்றுக்கொடுத்தது பிழையாக இருந்திருந்தால் அவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். நன்றாக இருந்ததால்தான் பயந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குத் தேத்தண்ணி உத்தரவு வந்தது. தட்டிக்குப் பின்னால் போனேன்.

"ஞாயிற்றுக்கிழமை அந்தாள் சொல்லுறதைச் செய்யிறது. புதன்கிழமை எங்கடை ஆட்டத்தை நாங்கள் பழகிறது. போட்டியிலை புதன்கிழமை ஆட்டம். அந்தாள் ஆருக்குப் போய்ச் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத்தானே சொல்லுவார்."

சொந்தக் கோச்சுக்கு ஒளித்து ஆடுகிற ஆட்டம். இதை வேறு எந்த இனத்திலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எல்லாரும் அதைப் பெரிய மூளை என்று மெச்சினார்கள். புதன்கிழமைக்கு ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து என் கணவரைப் பிடித்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றும் சாட்டில் குனிந்தபடியே இருந்தார்.

"இஞ்சாருங்கோ, நீங்களும் ஓம் எண்டனீங்களோ?"

"எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு நான் என்ன செய்யிறது?"

"கூட்டி வந்தது நீங்கள்."

"அதுதான், இஞ்சரும். நான் வேண்டாம் எண்டால், மனுசி அந்த ஊர் எண்டபடியால்தான் எண்டு சொல்லுவினம்."

அதாவது என்னால்தான் அவருக்கு வாய் திறக்கமுடியவில்லையாம். அன்றைக்கு நான் கோபத்தில் சோறு போடவில்லை. நான் கதை காவுகிறவள் என்று அவர்கள் முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஒரு சொல் காவியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை யோகண்ணை முருங்கைக்காய் வாங்க வந்தபோது, நிறுத்துப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

அவர் கோபிக்கவில்லை. முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மண்டபம் பெரிசோ, சின்னனோ?"

சின்னது, உயர்த்தி அடித்தால் விளக்கு உடைந்துவிடும் என்று கண்டித்திருக்கிறார்களாம் என்றேன். "சரி," என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியோடு போனவளுக்குத் தலை சுற்றியது. நில், வாங்கு, பொறு என்ற மனிதர், "உயர்த்தி அடியுங்கோ, ஓடுங்கோ, யோசிக்காதையுங்கோ," என்று கத்திக்கொண்டிருந்தார். அன்றும் அதற்குப் பிறகும் அதேதான். பழைய ஆட்டம். ஒரு கோலும் தராத ஆட்டம். சிவபாதண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தனீங்களோ, குட்டு வெளிச்சிட்டுது. எங்களைத் தோற்கப் பண்ணத்தான் ஆள் வந்தது. அந்தாள் உயர்த்தி அடி எண்டால் நாங்கள் நிலத்திலை குடுத்து வாங்கவேணும்," என்று மீன் பெட்டியில் தட்டிச் சொன்னார். புதன்கிழமைகளில் அந்தச் சின்ன மண்டபத்தில் அவர்கள் பந்தை நிலத்தில் வைத்துக் கொடுத்து வாங்கினார்கள், சுவர்கள் வேறு எதற்கும் இடம் கொடுக்கவில்லை. கஜன் முதுகைக் காட்டி நின்றான். வாங்கினான். பொறுத்தான். சிவபாதண்ணை அதைத் தன்னுடைய யோசனை என்று நம்பினார்.

கோடை வந்தது. போட்டி நாளன்று யோகண்ணை சலவை செய்த சட்டையோடு, தலை வாரி இழுத்து, காலையிலேயே திராமனிலிருந்து வந்துவிட்டார். கோட்டோரம் போய் நின்றார். சிவபாதண்ணை என் கணவரைப் பார்த்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்தார். கடைசியில் சிவபாதண்ணையே போய், மற்ற அணிகளின் கண்ணில் படவேண்டாம், பெடியளின் பைகளையும் சட்டைகளையும் பார்த்துக்கொள்ள ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று சொன்னார். எதிரணிக்குச் சைகை காட்டிவிடுவார் என்ற பயம். 'நம்பிக்கையான' என்ற சொல்லை அவர் எந்த வாயால் சொன்னார் என்று எனக்கு இன்றும் வியப்பு. யோகண்ணை திடலுக்கு வெளியே மரங்களுக்குக் கீழே, சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். நானும் சிற்றுண்டி மேசையை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அந்த ஊர்க்காரர் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் கண்காணிக்க அவர்களுக்கும் வசதி.

வென்றோம். இறுதி ஆட்டத்தில் கஜன் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் இடித்தார்கள். அசையவில்லை, பொறுத்தான். ஆட்கள் வந்தார்கள். ஒதுக்கிக் கொடுத்தான், மற்றப் பையன் உதைத்தான். ஊர்ச் சனம் முழுக்கத் திடலுக்குள் ஓடியது. நான் யோகண்ணையைப் பார்த்தேன். அவர் எழும்பவில்லை. கஜனுடைய சட்டையைக் கையில் எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். மடித்துவிட்டு, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மீன் பெட்டிக் கூட்டம் ஒரு முடிவு எடுத்தது. அந்தாள் சொன்னதைக் கேட்டிருந்தால் தோற்றிருப்போம், நல்லகாலம் மூளையாக நடந்தோம், அடுத்த வருடம் கோச் தேவையில்லை. இருந்தாலும் மரியாதை குறையக்கூடாது என்று வெற்றி விழாவில் யோகண்ணைக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் ஆட்கள் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அவருடைய கதை முடிந்தது என்று அர்த்தம். அவர் அதை மடித்து ஒரு கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார், கடைசியாக ஒரு தரம்.

"அண்ணை, அவையள் மாத்தித்தான் செய்வினம் எண்டு தெரிஞ்சுதானே நீங்கள் மாத்திச் சொல்லிக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அந்தச் சின்ன மண்டபம் என்னை விட நல்ல கோச், தங்கச்சி."

"அப்ப அதை அவையளிட்டைச் சொல்லுங்கோவன். நான் சொல்லட்டோ?"

"வேண்டாம். சொன்னால் அதையும் சந்தேகப்படுவினம். உம்மையும் சேர்த்து."

அது முழு உண்மையா, இல்லை ஒதுக்கப்பட்ட ஒரு மனிதர் தன் மானத்துக்காக அப்படிச் சிரித்தாரா என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன். கோபத்தில்தான் உயர்த்தி அடி என்று கத்தியிருப்பாரோ? நானும் அந்தக் கடையில் வளர்ந்தவள்தானே, எனக்கும் அந்த வியாதி ஒட்டியிருந்தது. ஆனால் சட்டையை மடித்த அந்தக் கைகளை நினைத்தால், தெரிந்துதான் செய்தார் என்று எனக்குப் படுகிறது. கோட்டோரம் நிற்பதற்காக வந்தவர், கோட்டோரத்தை விட்டுக்கொடுத்து அவர்களுக்கு ஒரு கோல் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு என்ன? நாட்டில் சண்டை மறுபடி தொடங்கி, எல்லாம் முடிந்தும் போனது. கஜனுடைய வயதுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குக் கிட்ட உள்ள நோர்வேக் கழகங்களில் சேர்த்தார்கள். ஊர்க் கழகத்தில் பதினொரு பேர் சேராமல் போனது. சரளைத் திடலில் செயற்கைப் புல் விரித்துவிட்டார்கள், விழுந்தாலும் முழங்கால் தப்பும். கடை இருந்த இடத்தில் இப்போது நகம் அலங்கரிக்கிறார்கள். முருங்கைக்காய் எல்லா நாளும் கிடைக்கிறது, அதற்காக ஒருவரும் காத்திருப்பதில்லை.

யோகண்ணை போன குளிர்காலத்தில் திராமனில் காலமானார். இறுதிச் சடங்குக்கு நானும் கணவரும் போனோம். எதிர்பார்க்கவே இல்லை, சிவபாதண்ணையும் வந்திருந்தார். கைத்தடியும் மகனுடைய தோளுமாக நின்றார். பிந்திய காலத்தில் ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிறதாம், எல்லாச் சாவீட்டுக்கும் போவாராம், யாருடையது என்று பெரிதாகக் கேட்பதில்லையாம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒருவருக்கு என்னை அறிமுகம் செய்தார்.

"இவ எங்கடை ஊர்ப் பிள்ளை. எங்கடை கடையிலை நிண்டவ."

அந்தச் சொல்லுக்காக அந்தக் காலத்தில் நான் எத்தனை தேத்தண்ணி போட்டிருப்பேன். இப்போது அது சும்மா வந்து விழுந்தது. என் கணவர் என் முழங்கையைத் தொட்டார், விடும் என்பதுபோல. நான் விடவில்லை. பெட்டிக்குள் படுத்திருந்தவரைக் காட்டினேன்.

"இல்லை அண்ணை. நான் இவரின்ரை ஊர்."

சிவபாதண்ணை பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பிடியே பிள்ளை? எனக்குத் தெரியாது பார்," என்றார், என் கையை விடாமலே. நான் அவருடைய கண்களை உற்றுப் பார்த்தேன். அவற்றில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.